மூன்று பேட்டரிகளும் தகரக் கதவும்

காலிபர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. போலியோ வந்து சூம்பிப்போன காலை நிமிர்த்தி நிறுத்துவதற்கு மாட்டுகிற இரும்பு அது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் பட்டை, நடுநடுவே தோல் வார், முட்டிக்கு நேரே ஒரு பூட்டு, அடியில் கனத்த பூட்ஸ். நிற்கும்போது பூட்டைப் போட வேண்டும். உட்காரும்போது எடுத்துவிட வேண்டும். எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன ஊர். காலில் பூட்டோடு நடந்த என்னைப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் வலது காலுக்கு அதை மதுரையில் செய்து கொடுத்தார்கள். அளவெடுக்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவை, வார் சரியில்லை என்று ஒரு தடவை, பூட்ஸ் வரவில்லை என்று இரண்டு தடவை. அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கியதில் ஏழு மாதம் போனது. அதனால் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் உடையலாம், அது மட்டும் உடையக் கூடாது.

எனக்குப் பதினோரு வயதானபோது, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது உடைந்தது.

உடைத்தது நான்தான். ஐந்தாம் வகுப்பு முடித்து, டவுனில் இருந்த பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு எழுதிப் போட்டிருந்தோம். அங்கிருந்த தலைமை ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வகுப்புகள் மாடியில் இருக்கின்றன, பிள்ளை தானாகப் படி ஏறி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை கூட்டிவாருங்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் படியே கிடையாது. எதிர் வீட்டில் மொட்டைமாடிக்குப் போகும் படிகள் வெளிப்பக்கமாக இருந்தன. அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவற்றில் ஏறி இறங்கிப் பழகினேன். மனிதர்கள் பார்க்க எதையும் செய்ய எனக்கு வராது. இன்று வரை வந்ததில்லை. சனிக்கிழமை பன்னிரண்டாவது படியில் கால் வைத்தபோது முட்டிக்குக் கீழே வெளிப்பக்கப் பட்டை டக்கென்று இரண்டாகப் போனது. உள்பக்கப் பட்டையிலும் ஒரு கீறல் விழுந்திருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கி, இருட்டும் வரை கீழ்ப்படியிலேயே இருந்துவிட்டு, பிறகு தவழ்ந்து வீட்டுக்கு வந்தேன்.

தவழ்வதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காலிபர் இல்லாமல் எனக்கு வேறு வழி இல்லை. வீட்டுக்குள் அம்மா, அப்பா, தம்பி முன்னால் தவழ்வேன். தெருவில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

அப்பா வாடகைக் கார் ஓட்டினார். கார் அவருடையது அல்ல, முதலாளியுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உடைந்த காலிபரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வெல்டிங் பட்டறை தேடிப் போனார். எங்கள் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மற்ற பகுதிகளில் கரண்ட் இருந்தது, ஞாயிறு என்பதால் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது காலிபரோடு மூன்று கார் பேட்டரிகளும் வந்தன. ஒன்று அவர் ஓட்டுகிற காரில் கழற்றியது. அந்தக் காரைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். மற்ற இரண்டும் ஸ்டாண்டில் சும்மா நின்ற கார்களிலிருந்து, கூட்டாளிகளிடம் சாயங்காலம் தருகிறேன் என்று சொல்லி வாங்கியவை. சட்டைப் பையில் நாலைந்து வெல்டிங் ராடுகள் இருந்தன.

ஒரு தடவை கன்னிவாடிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் அடியில் வில்பட்டை உடைந்து நின்ற லாரியை அதன் டிரைவர் பேட்டரிகளை இணைத்தே வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டு போனதை அப்பா பார்த்திருந்தார். பார்த்தது ஒரு தடவை. அதுவும் தள்ளி நின்று. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை பார்த்தால் போதும், அது தங்களுக்குத் தெரிந்த வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு மாதா கோவிலுக்கு, ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேட்டரிகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமத்தான் தூக்கிட்டு வந்தேனாக்கும். நீ போயி எனக்கும் சேத்து வேண்டிக்க.”

“வேண்டிக்கிறேன், வேண்டிக்கிறேன். கையச் சுட்டுக்கிட்டு நிக்காதீக” என்று சொல்லிவிட்டு அம்மா போனார்.

எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஓட்டுக்கூரை போட்ட குறுகலான நடை ஒன்று உண்டு. அதன் முனையில் தெருவைப் பார்த்து ஒரு தகரக் கதவு. திறந்தாலும் மூடினாலும் அந்தக் கதவு போடுகிற சத்தம் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். அப்பா கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, நடையில் சாக்கை விரித்துப் பேட்டரிகளை வரிசையாக வைத்தார். ஒன்றின் பிளஸ்ஸையும் அடுத்ததன் மைனஸ்ஸையும் ஒயரால் இணைத்தார். நான் வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பாவைப் பார்த்தவர்கள் அடுத்து என்னைப் பார்த்தார்கள். பாவாடைக்குக் கீழே இரும்பு இல்லாத என் காலைப் பார்த்தார்கள்.

“அப்பா, கதவச் சாத்திருங்கப்பா” என்றேன்.

“காத்து வரணும் தாயி. பேட்டரி கேஸ் விடும்.”

நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன். பாவாடையைக் காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அப்பா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

கண்ணுக்குப் போடக் கண்ணாடி இல்லை. மதுரையில் என் இடுப்பை எடுத்த எக்ஸ்ரே படங்கள் பெட்டியில் இருந்தன. அவற்றில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நூல் கோத்து, முகமூடி மாதிரி தலையில் கட்டிக்கொண்டார். அப்படிச் செய்யவே கூடாது, அந்த வெளிச்சத்தை எக்ஸ்ரே படம் தடுக்காது என்று பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு விவரம் தெரிந்தவர் யாரும் நடையில் இல்லை. என் இடுப்பெலும்புகள் வெள்ளையாக அப்பாவின் முகத்தில் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்காத. அங்குட்டுத் திரும்பிக்க. நான் சொன்ன பொறவுதான் பாக்கணும்.”

திரும்பிக்கொண்டேன். சுவரில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்தது. சரசரவென்று சத்தம். அது நிற்கும், அப்பா ராடை மாற்றுவார், மறுபடி சரசரக்கும். கடைசியில் “இப்பப் பாரு” என்றார். வெளிப்பக்கப் பட்டை ஒட்டியிருந்தது. புற்றுமண் அப்பியது போல முண்டும் முடிச்சுமாக இருந்தது, ஆனால் ஒட்டியிருந்தது. இடுக்கியால் தூக்கி, தரையில் தட்டிக் காட்டினார். இரும்பு ஒரே துண்டாகச் சத்தம் கொடுத்தது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திங்கட்கிழமை வந்துவிட்டது போல இருந்தது. மாடிப்படிகள் எல்லாம் கண் முன்னால் வந்தன.

உள்பக்கக் கீறல் பாக்கி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பி கட்டிச் சமாளித்திருக்கலாம். இப்போது உட்கார்ந்துகொண்டு எத்தனையோ சொல்லலாம்.

நடையில் புளித்த வாடை ஒன்று சேர்ந்திருந்தது. பேட்டரிகள் சூடாகியிருந்தன. ஒரு பேட்டரியின் முனையில் மாட்டியிருந்த ஒயர் தளர்ந்து கழன்றுவிட்டது. அப்பா எக்ஸ்ரே முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, கழன்ற ஒயரைப் பேட்டரியின் மேலேயே மறுபடி வைத்து அழுத்தினார். ஒரு பொறி பறந்தது.

தீபாவளி வெடி மாதிரி ஒரே சத்தம்தான். பேட்டரியின் மேல்பாகம் கூரையில் அடித்துக் கீழே விழுந்தது. அப்பா அமிலம் தெறித்த முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்தார்.

“தாயி, தண்ணி! தண்ணி கொண்டா!”

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். அன்று எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ. சமையலறைக்குத் தவழ்ந்து போனேன். ஒரு குடத்தில் மட்டும் கால்வாசி இருந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து, செம்பில் மொண்டு அவர் முகத்தில் ஊற்றினேன். நான்கு செம்பில் தீர்ந்துபோனது. அவர் கண்களைத் திறக்க முடியாமல் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

“தீந்துருச்சுப்பா.”

“தெருவுல யாரையாச்சும் கூப்புடு. ஓடு தாயி.”

ஓடு என்றார். அவர் வாழ்நாளில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நடையில் அமிலம் சிந்தாத ஓரமாகத் தவழ்ந்து போய்த் தகரக் கதவைத் திறந்தேன். கோவிலில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து என் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடைகள், தலையில் பூ. சத்தம் கேட்டு எங்கள் வீட்டுக்கு நேரே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் கையூன்றி இருந்தேன். கதவை மூடிவிட்டேன்.

உள்ளேயிருந்தே கூப்பிடலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அவர்கள் போய்விடுவார்கள், போனதும் எதிர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று காத்திருந்தேன். மறுபடி கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். போகவில்லை. ஒருத்தி கதவைப் பார்த்துக் கை காட்டினாள். மறுபடி மூடினேன்.

எத்தனை நேரம் இருக்கும்? ஐம்பது எண்ணுகிற நேரமா, நூறு எண்ணுகிற நேரமா, இத்தனை வருடத்தில் நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. அப்பா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி முனகினார். அந்த முனகலைக் கேட்டுத்தான் மூன்றாவது தடவை கதவைத் திறந்தேன். தெருவில் இறங்கி, அந்தப் பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே தவழ்ந்துபோய், எதிர் வீட்டுக் கதவைக் கையால் அடித்தேன்.

எதிர் வீட்டு அக்காவும் என் அம்மாவும் குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த அக்கா என்னைப் பார்த்தார், திறந்து கிடந்த எங்கள் கதவைப் பார்த்தார், உள்ளே போய் இடுப்பில் ஒரு நிறைகுடத்தோடு வந்தார். பின்னாலேயே ஓடிவந்த அடுத்த வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர். தோல் பதனிடுகிற இடத்தில் அமிலத்தோடு புழங்கியவர். ஒரு பார்வை பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“ஏ அப்பு, கண்ணக் கசக்காத. தொறந்து காட்டு, எரிஞ்சாலும் தொற. யாரும்மா அது வெளக்கெண்ணெயத் தூக்கிட்டு வாரது? எண்ணெயும் வேணாம், தாய்ப்பாலும் வேணாம். தண்ணி மட்டும் ஊத்துங்க. நான் சொல்ற வரைக்கும் ஊத்துங்க.”

“எம்புட்டு நேரம்ணே?”

“தெருவுல தண்ணி தீருற வரைக்கும் ஊத்து.”

தெருவில் இருந்த எல்லாக் குடமும் வந்தது. பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், கல்யாணச் சீர் வரிசையில் வந்த எவர்சில்வர் குடம். ஒரு வாளித் தண்ணீருக்காக முடியைப் பிடித்துக்கொள்கிற பெண்கள் வரிசையில் நின்று அப்பாவின் முகத்தில் ஊற்றினார்கள். தண்ணீர் நடையெல்லாம் ஓடி, தகரக் கதவைத் தாண்டி, தெருச் சாக்கடையில் விழுந்தது. என் வகுப்புப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு குடம் தூக்கினார்கள். என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வந்த அம்மா வாசலில் ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, “யாரு இம்புட்டுத் தண்ணியக் கொட்டுனது?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் அப்பாவைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் தெருமுனையில் நின்றது. அதன் பேட்டரி எங்கள் நடையில் நின்றது. குதிரை வண்டி பிடித்து வந்து கூட்டிப்போனார்கள்.

கரண்ட் வந்த அன்று வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து காலிபரை வாங்கிக்கொண்டு போனார். உள்பக்கக் கீறலைச் சரிசெய்தார். அப்பா ஒட்டிய இடத்தை அவர் தொடவில்லை. “பாக்கத்தான் கோரமா இருக்கு. நல்லாத்தான் புடிச்சிருக்கு, இருக்கட்டும்” என்றார். அது இரண்டு வருடம் தாங்கியது. என் பாவாடைகளை எல்லாம் ஒரே இடத்தில் கிழித்தது.

அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவின் வலது கண் கட்டை அவிழ்த்திருந்தார்கள். அந்தக் கண் தப்பிவிட்டது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். இடது கண்ணில் பார்வை திரும்பாது. “உடனே தண்ணீர் விட்டதால் இதுவாவது மிஞ்சியது. இன்னும் கொஞ்சம் முன்னாடி விட்டிருந்தால் அதையும் பார்த்திருக்கலாம்” என்றார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா படுத்தபடியே சொன்னார்:

“இதுக்கு முன்னாடி ஊத்த முடியாது டாக்டரய்யா. எம் பொண்ணு தகரக் கதவத் தொறந்த சத்தம் ஒரே ஒரு தடவதான் கேட்டுச்சு. அடுத்த நிமிசம் தெருவே உள்ள வந்துருச்சு.”

பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னார். பார்க்க வந்த கூட்டாளிகளிடம், பேட்டரிக்கு நியாயம் கேட்க வந்த முதலாளியிடம், கோவில் சாமியாரிடம். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியையிடமும் சொன்னார். ஒரு வாரம் தாமதமாகப் போயிருந்தோம். அந்த அம்மா அப்பாவின் கண் கட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். படியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் ஆறாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

ஒற்றைக் கண் ஆளுக்கு யாரும் கார் கொடுக்கவில்லை. அப்பா ஒரு சரக்குக் கிட்டங்கியில் வாட்ச்மேன் ஆனார். நான் பத்தாம் வகுப்பு முடித்துப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்தேன். பூத் போய் ஜெராக்ஸ் வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடம் கதை சொல்ல அப்பா சில நாள் வந்து உட்கார்ந்துவிடுவார். “ஒரே ஒரு தடவதான்” என்று ஆள்காட்டி விரலை நிமிர்த்துவார். கதவு சத்தத்தையும் வாயாலேயே போட்டுக் காட்டுவார். நான் குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கதையைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு அலுத்துப்போகும். இவருக்கு உண்மை தெரியாது, தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா என்று நினைப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

இப்போது பக்கத்துக் கடைப் பையன்கள் செல்போனில் மூன்று பேட்டரியை வைத்து வெல்டிங் செய்கிற வீடியோவைக் காட்டுகிறார்கள். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, பின்னால் பாட்டு வேறு. வேண்டாம்ப்பா என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்லத் தெம்பு இல்லை.

போன வருடம் அப்பாவின் வலது கண்ணும் மங்கிவிட்டது. நாள் முழுக்க உள்ளே கட்டிலில் உட்கார்ந்து சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டை எடுத்துக் கட்டியும் அந்தத் தகரக் கதவு அப்படியே இருக்கிறது. போன மாதம் ஒரு நாள், என் காலிபர் மறுபடி மதுரைக்குப் போயிருந்தது. பழைய சக்கர நாற்காலி ஒன்றில் இருந்தேன். அதில் உட்கார்ந்து நான் தெருவுக்குப் போனதில்லை. அன்று அப்பாவின் மாத்திரை தீர்ந்திருந்தது. கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு வாசலில் ஏதோ விசேஷம், பத்துப் பேர் நின்றார்கள். மூடினேன். செத்த நேரம் கழித்துத் திறந்து பார்த்து மறுபடி மூடினேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. கோபமெல்லாம் இல்லை. அலுத்துப்போன, சாதாரணமான குரல்.

“என்ன தாயி, அன்னைக்கு மாதிரியே ரெண்டு தடவ தொறந்து மூடுற? வெளிய ஆளுக நிக்கிறாகளா? நின்னா நிக்கட்டும். போ.”

நான் கதவில் கை வைத்தபடி அப்படியே இருந்தேன். இத்தனை வருடமும், வலியில் அவருக்குக் காது அடைத்திருந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.